சீன மை ஓவியத்தில் தாமரையும் புத்த சமயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனத் தாமரை ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளோடுதான் வருகிறார்கள். அவற்றைத் திரட்டி, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஓவியங்களில் பூவை மட்டும் பார்ப்பவர் பாதியைத் தவறவிடுகிறார். இலையும் தண்டும்தான் ஓவியரின் கையையும் மனத்தையும் காட்டுகின்றன. கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரும்.

அது நம் ஊர்க் குளத்துத் தாமரைதானா?

அதே செடிதான். தாவரவியலில் நெலும்போ நூசிஃபெரா. சீனாவில் ஏரி, குட்டை, வயல் எங்கும் வளர்கிறது. கிழங்கையும் விதையையும் அங்கே அன்றாடம் சமைக்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூக்காலம்.

அல்லியோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். அல்லியின் இலை நீரின் மேல் படுத்துக் கிடக்கும். அதில் ஒரு பிளவும் இருக்கும். தாமரையின் இளம் இலைகள் சில மிதந்தாலும், மற்றவை தண்ணீரை விட்டு மேலெழுந்து, சில இடங்களில் ஆளுயரம்கூட நிற்கும். தண்டு இலையின் நடுவில் வந்து சேரும். ஓவியருக்கு இந்த உயரம்தான் வாய்ப்பு. எழுந்து நிற்கும் இலை காற்றில் சாயும், திரும்பும், புறங்காட்டும், மடியும். படுத்த இலைக்கு இத்தனை முகங்கள் கிடையாது.

நீலத் தாமரை என்று சொல்கிறார்களே?

இயற்கையில் நீலத் தாமரை இல்லை. புத்த நூல்கள் சொல்லும் நீல உற்பலம் அல்லி இனத்தைச் சேர்ந்தது. நாம் கருங்குவளை, நீலோற்பலம் என்று அழைப்பது. அறிவின் வடிவான மஞ்சுஸ்ரீ போதிசத்துவரோடு வருவது அந்தப் பூ. சிற்பத்திலும் ஓவியத்திலும் இரண்டும் கலந்துபோனதால்தான் குழப்பம்.

புத்த சமயத்தோடுதான் தாமரை சீனாவுக்குப் போனதா? போதிதர்மர் கொண்டுபோனாரா?

இல்லை. சீனாவின் மிகப் பழைய பாடல் திரட்டான ‘ஷி ஜிங்’கிலேயே தாமரை இருக்கிறது. இதைவிடக் கண்கூடான சான்று ஒன்றும் உண்டு. 1923இல் ஹெனான் மாநிலத்தின் சின்ஜெங்கில் ஒரு சோடி வெண்கலச் சாடிகள் தோண்டி எடுக்கப்பட்டன. வாயைச் சுற்றி விரிந்த தாமரை இதழ்கள், நடுவில் சிறகு விரித்து நிற்கும் ஒரு கொக்கு. புத்த சமயம் சீனாவுக்குள் நுழைவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை அவை. ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலும் மற்றது ஹெனான் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

ஆகவே கி.பி. முதல் நூற்றாண்டளவில் புத்த சமயம் வந்தபோது, சீனர்கள் ஏற்கெனவே நேசித்த பூவுக்குப் புதிய பொருள்கள் சேர்ந்தன. போதிதர்மர் தென்னிந்தியர் என்ற மரபு சீனாவிலேயே நெடுநாளாக உண்டு. அவரைத் தாமரையோடு சேர்த்துச் சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது.

அப்படியானால் புத்த சமயம் தாமரைக்கு என்ன பொருள் கொடுத்தது?

தூய்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. குறைந்தது மூன்று பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது சேறு. புத்தத் துறவி குமாரஜீவர் சாங்கான் நகரில் தங்கிச் சீனத்தில் மொழிபெயர்த்த விமலகீர்த்தி சூத்திரம், தாமரை உயர்ந்த வறண்ட மேட்டில் முளைப்பதில்லை, தாழ்ந்த ஈரச் சேற்றில்தான் முளைக்கிறது என்கிறது. ஞானமும் ஆசாபாசங்களின் சேற்றில்தான் முளைக்கும் என்பது கருத்து. இங்கே சேறு வெறுமனே தப்பித்து வர வேண்டிய அழுக்கு அல்ல. அது இல்லாமல் செடியே இல்லை. ‘சேற்றில் செந்தாமரை’ என்று நாம் சொல்லும்போது சேற்றைக் குறையாகத்தான் கருதுகிறோம். அந்தச் சூத்திரம் சேற்றுக்கும் உரிய மரியாதையைக் கொடுக்கிறது.

இரண்டாவது பூவும் காயும். தாமரை மலரும்போதே நடுவில் பொகுட்டு, அதாவது விதைகளைத் தாங்கும் காய், இருக்கிறது. மற்றப் பூக்களில் இதழ் உதிர்ந்த பிறகே காய் தெரியும். 406ஆம் ஆண்டு குமாரஜீவர் மொழிபெயர்த்த சத்தர்ம புண்டரீக சூத்திரம், அதாவது தாமரைச் சூத்திரம், சீன புத்த சமயத்தின் நடுநாயகமான நூல்களுள் ஒன்று. தியான்தாய் பிரிவை நிலைநாட்டிய ஜியி (538–597) அந்தப் பெயருக்கு விளக்கம் சொன்னபோது இந்தப் பொகுட்டைத்தான் பிடித்துக்கொண்டார். இதழ் விரியும்போதே உள்ளே பொகுட்டு தெரிகிறது. புத்தத்தன்மையும் அப்படித்தான், எங்கிருந்தோ பிற்பாடு வருவதில்லை. விரிந்த பூவின் நடுவே பச்சைப் பொகுட்டை ஓவியர்கள் அத்தனை கவனமாக வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த விளக்கம் நினைவுக்கு வரும்.

மூன்றாவது பிறப்பு. அமிதாப புத்தரின் சுகாவதி என்னும் தூய நிலத்தில், குளங்களில் தேர்ச்சக்கரம் அளவு தாமரைகள் பூத்திருக்கும் என்கிறது அமிதாப சூத்திரம். அங்கே பிறப்பவர்கள் தாயின் வயிற்றில் அல்ல, தாமரை மொட்டுக்குள் பிறக்கிறார்கள். பிறப்பில் ஒன்பது படிநிலைகள் உண்டு. மேல்படியினருக்கு மொட்டு விரைவில் திறக்கும். கடைசிப் படியினர் 12 மகா கல்பம், அதாவது எண்ணிப் பார்க்க முடியாத நெடுங்காலம், மூடிய மொட்டுக்குள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் கொடிய பாவம் செய்தவருக்கும் ஒரு மொட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எளிய மக்களிடம் தூய நில வழிபாடு இவ்வளவு ஆழமாக வேரோடியதற்கு அந்த உறுதிமொழி ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

வெள்ளைத் தாமரைச் சங்கம் என்பது என்ன?

ஜியாங்சியில் உள்ள லூஷான் மலையில் துங்லின் கோயிலை நிறுவியவர் துறவி ஹுய்யுவான் (334–416). 402இல் அவரும் அவரோடு சேர்ந்த 123 பேரும் அமிதாபர் முன்னிலையில், தூய நிலத்தில் பிறப்போம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தார் இந்தக் கூட்டத்தை வெள்ளைத் தாமரைச் சங்கம் என்று அழைத்தார்கள். துறவிகளும் கவிஞர்களும் அங்கே கூடியிருக்கும் காட்சி ஓவியர்களுக்குப் பிடித்த கருவாகிவிட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து இதே பெயர் அரசுக்கு எதிரான இயக்கங்களுக்கும் போனது. 1796இல் வெடித்த வெள்ளைத் தாமரைக் கிளர்ச்சி சிங் பேரரசை உலுக்கியது. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

‘சேற்றிலிருந்து எழுந்தும் சேறு படாதது’ என்பது புத்தர் சொன்னதா?

கருத்து பழையது, நீரில் பிறந்தும் நீர் ஒட்டாத தாமரையைப் பாலி நூல்களிலேயே காணலாம். ஆனால் சீனக் குழந்தைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் அந்த வாசகத்தை எழுதியவர் ஒரு கன்ஃபூசிய அறிஞர். ஜோவ் துன்யி (1017–1073) என்பது அவர் பெயர். ‘தாமரை மேல் காதல்’ என்ற அவருடைய மிகச் சிறிய கட்டுரை 1063இல் எழுதப்பட்டது. செவ்வந்தி துறவியின் பூ, பியோனி செல்வரின் பூ, தாமரையோ சான்றோரின் பூ என்று அதில் வகைப்படுத்துகிறார்.

அவர் எதைப் புகழ்கிறார் என்று கவனியுங்கள். உள்ளே குழலாய், வெளியே நேராய் நிற்கிறது. கொடி ஓடுவதில்லை, கிளை விடுவதில்லை. மணம் தூரம் போகப் போகத் தெளிகிறது. எட்ட நின்று பார்க்கலாம், கையாண்டு விளையாட முடியாது. இதழின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. புகழ்ச்சியில் பெரும்பங்கு தண்டுக்கே போகிறது. பிற்கால மை ஓவியர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுரையைப் படித்து வளர்ந்த படிப்பாளிகள். ஒரே மூச்சில் நெட்டாக எழும் தண்டை அவர்கள் வரைந்தபோது, அது வளையாத அரசு ஊழியரின் முதுகெலும்பாகவும் இருந்தது.

எனவே ஒரு தாமரை ஓவியத்தைப் பார்த்த உடனே ‘இது புத்த சமய ஓவியம்’ என்று முத்திரை குத்த வேண்டாம். யாருக்காக வரையப்பட்டது, என்ன கவிதை எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பல நேரங்களில் இரண்டு மரபுகளும் பிரிக்க முடியாதபடி கலந்தே இருக்கும்.

சான் பிரிவு தாமரையை எப்படிப் பார்த்தது?

சான் என்பது தியானத்தை முதன்மையாகக் கொண்ட சீன புத்தப் பிரிவு. ஜப்பானில் சென் என்று அறியப்படும் அந்தப் பிரிவுக்குச் சின்னங்களில் நம்பிக்கை குறைவு. புத்தர் பேசாமல் ஒரு பூவைத் தூக்கிக் காட்ட, மகாகாசியபர் மட்டும் புன்னகைத்தார் என்ற கதையை எல்லோரும் அறிவார்கள். அது சோங் அரச வம்சக் காலச் சீனாவில் பரவிய கதை. 1228இல் தொகுக்கப்பட்ட ‘கதவில்லா வாயில்’ நூலில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே என்ன பூ என்று சொல்லவில்லை. தாமரை என்பது பின்வந்தவர்கள் சேர்த்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ‘நீலப் பாறைப் பதிவுகள்’ தொகுப்பின் 21ஆம் உரையாடல். ஒரு துறவி ஜிமென் என்ற ஆசானிடம் கேட்கிறார்: “தாமரை தண்ணீரை விட்டு வெளிவருமுன் எப்படி இருக்கும்?” “தாமரைப் பூ” என்கிறார் ஆசான். “வெளிவந்த பின்?” “தாமரை இலை.”

சேற்றுக்குள் மறைந்திருப்பது மாசு, மேலே வருவது ஞானம் என்ற படிக்கட்டுக் கணக்கை ஆசான் கலைத்துவிடுகிறார். உள்ளே இருந்தபோதே பூ முழுமையாக இருந்தது. வெளியே வந்த பின் பார்க்க வேண்டியது எங்கும் பரந்து கிடக்கும் சாதாரண இலைகள்தான். இதற்கு ஒரே உரை உண்டென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பூவை ஓர் ஓரத்தில் ஒளித்துவிட்டு, தாளின் முக்கால் பங்கை இலைக்குக் கொடுத்த ஓவியர்களைப் புரிந்துகொள்ள இந்தச் சிறு உரையாடல் எனக்கு உதவிய அளவு வேறெதுவும் உதவவில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் இடம் உண்டா?

ஓவியத்தில் நேரடியாக இல்லை. ஒரு கோயிலில் உண்டு. ஃபூஜியான் கடற்கரையில் உள்ள சுவான்ஜோ நகரின் காய்யுவான் கோயில் 686இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் தாமரைக் கோயில். தோட்டத்துக்காரர் ஒருவரிடம் ஒரு துறவி நிலம் கேட்டாராம். “என் முசுக்கொட்டை மரங்களில் வெள்ளைத் தாமரை பூத்தால் தருகிறேன்” என்றாராம் அவர். பூத்துவிட்டது என்பது தலபுராணம்.

அதே கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் நரசிம்மர், கண்ணன் முதலிய உருவங்கள் செதுக்கிய இரண்டு கற்றூண்கள் நிற்கின்றன. சுவான்ஜோவில் வாழ்ந்த தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயிலிலிருந்து வந்தவை அவை. அந்தக் கோயிலின் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அதே நகரில் கிடைத்திருக்கிறது. தாமரையின் பெயரால் தொடங்கிய ஒரு சீன புத்தக் கோயிலை இன்றும் நம்மவர் தூண்களும் தாங்கி நிற்கின்றன.

கோயில்களில் வரும் தாமரையும் மை ஓவியத் தாமரையும் ஒன்றா?

வழிபாட்டுக்கான தாமரை ஒழுங்கானது. சமச்சீரான இதழ்கள், பீடம், வட்டம். லுங்மென் குகைகளில் ஒன்றின் கூரையில் பெரிய தாமரை செதுக்கப்பட்டிருக்கிறது. அதனாலேயே அதற்குத் தாமரைக் குகை என்று பெயர். துன்ஹுவாங்கின் 407ஆம் குகைக் கூரையில் தாமரையின் நடுவில் மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. மூன்றுக்கும் சேர்த்து மூன்றே காதுகள், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது தெரியும்.

இடைப்பட்ட ஒரு வகையும் உண்டு. ஜியாங்சு மாநிலத்தின் சாங்ஜோ நகரம், அதன் பழைய பெயர் பிலிங், பட்டில் வண்ணத் தாமரைக் குளங்களை வரைவதில் பேர்பெற்றிருந்தது. மலர்ந்த பூ, உதிரும் இதழ், பூச்சி அரித்த இலை, வாத்து, நாரை எல்லாம் அவற்றில் இருக்கும். பல ஓவியங்கள் ஜப்பானுக்குப் போய், கியோட்டோவின் சியோன்-இன் போன்ற தூய நிலக் கோயில்களில் பாதுகாக்கப்பட்டன. பார்ப்பதற்கு வெறும் இயற்கைக் காட்சிதான். சுகாவதிக் குளத்தை நினைத்து வணங்குபவருக்கு அதுவே வழிபாட்டுப் படம்.

வண்ண ஓவியத்தின் உச்சம் என்று நான் கருதுவது, தென் சோங் காலத்தில் பெயர் தெரியாத ஒருவர் வட்ட விசிறிப் பட்டில் வரைந்த ஒற்றை இளஞ்சிவப்புத் தாமரை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடே தெரியாது. இதழின் ஒவ்வொரு நரம்பும் தெரியும். இந்த ஓவியத்தைப் பார்த்த பிறகு, படிப்பாளி ஓவியர்கள் எதை வேண்டாம் என்று விட்டார்கள் என்பது புரியும்.

ஏன் கறுப்பு மட்டும்?

மைக்குள்ளேயே வண்ணம் இருக்கிறது என்று நம்பினார்கள். மையைச் சரியாகக் கையாண்டால் ஐந்து வண்ணமும் அதில் அமைந்துவிடும் என்று 9ஆம் நூற்றாண்டிலேயே ஜாங் யன்யுவான் எழுதியிருக்கிறார். கரிந்தது, அடர்ந்தது, கனத்தது, வெளிர்ந்தது, தெளிந்தது என்று பொதுவாக எண்ணுவார்கள். பூவின் வெண்மையை எந்தச் சாயத்தாலும் போடுவதில்லை. தாளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். கறுத்த இலைகளுக்கு நடுவே தொடப்படாத தாள்தான் பூவாக நிற்கிறது. மாசு படாதது என்ற கருத்துக்கு இதைவிட நேர்மையான செய்முறை இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

தாள், மை, தூரிகை பற்றிச் சொல்ல முடியுமா?

தாள்: ஆன்ஹுய் மாநிலத்தின் ஜிங் வட்டாரத்தில் செய்யப்படும் சுவான் தாள். சிங்தான் என்ற மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. இதைச் செய்யும் கைவினை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பசையும் படிகாரமும் பூசாத ‘பச்சை’ வகையில் மை உடனே ஊறிப் பரவும். பூசிய ‘பக்குவ’ வகையில் ஊறாது, நுணுக்க வேலைக்கு ஏற்றது. மைத் தாமரைக்குப் பச்சைத் தாள்தான்.

மை: பைன் மரம் அல்லது எண்ணெய் எரித்த கரியை விலங்குப் பசையோடு பிசைந்து காயவைத்த கட்டி. மைக்கல்லில் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். தூரிகை: இலைக்கு நிறையத் தண்ணீர் பிடிக்கும் ஆட்டு மயிர், தண்டுக்கும் கோட்டுக்கும் விறைப்பான மரநாய் வகை மயிர்.

இலையை எப்படி வரைகிறார்கள்?

பெரிய தூரிகையை முழுக்க வெளிர் மையில் நனைத்து, நுனியை மட்டும் அடர்ந்த மையில் தொடுவார்கள். பிறகு தூரிகையைச் சாய்த்துத் தாளில் படுக்கவைத்து, அழுத்தித் திருப்பி இழுப்பார்கள். ஒரே இழுப்பில் ஓரம் கறுத்தும் உட்புறம் வெளிறியும் வரும். நான்கைந்து இழுப்புகளில் ஓர் இலை முடிந்துவிட வேண்டும். இழுப்புகளுக்கு இடையில் தாளின் வெள்ளை அங்கங்கே தெரியட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒளியும் காற்றும் அந்த இடைவெளி வழியாகத்தான் வருகின்றன. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் இலை கரிப்பூச்சாகிவிடும்.

அடுத்தது நரம்பு. இலை முழுக்க ஈரமாக இருக்கும்போது நரம்பு போட்டால் கரைந்துபோகும். முழுக்கக் காய்ந்த பின் போட்டால் கம்பி ஒட்டியதுபோல் தனித்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில், தாள் பளபளப்பை இழந்த பிறகும் குளிர்ச்சியை இழக்காத ஒரு சில நொடிகள் இருக்கின்றன. கோட்டின் ஓரம் லேசாகக் கசிந்து இலையோடு ஒன்றிவிடும். அந்த நொடியை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. ஊரின் ஈரப்பதத்துக்கும் தாளுக்கும் ஏற்ப அது மாறும்.

உண்மைத் தாமரை இலையில் நீர் ஒட்டவே ஒட்டாது. மெழுகு பூசிய நுண்ணிய மேடுகளின் மேல் துளி உருண்டு, தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் தன் சகாவோடு 1997இல் இதை விளக்கியது முதல் அறிவியலில் இதற்குத் தாமரை விளைவு என்றே பெயர். தாமரை இலைத் தண்ணீர் போல் ஒட்டாமல் இருக்கும் அந்த இலையை, தண்ணீரை உறிஞ்சிக் கொண்டே இருக்கும் தாளில் வரைகிறார்கள் என்பது எனக்கு என்றும் தீராத வியப்பு.

தண்டும் பூவும்?

தண்டு ஒரே மூச்சில். தூரிகையை நேராகப் பிடித்து, நுனி கோட்டின் நடுவிலேயே ஓடும்படி கொண்டுபோக வேண்டும். கை மணிக்கட்டில் ஊன்றக் கூடாது. தோளிலிருந்து அசைய வேண்டும். பாதியில் தயங்கினால் அந்த இடத்தில் மை தேங்கி எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். திருத்த வழியில்லை. முட்களுக்கான புள்ளிகள் பிறகு.

பூவுக்கு வெளிர் மையில் மெல்லிய கோடு. முன்னால் இருக்கும் இதழை முதலில் போட்டு, மற்றவற்றை அதன் பின்னால் அடுக்குவார்கள். இதழ் நுனியில் மட்டும் சற்று அழுத்தம். பெரும்பாலும் இலைகளை முதலில் போட்டுவிட்டு, விட்டுவைத்த வெற்றிடத்தில் பூவை மலரவிடுவதே வழக்கம்.

பாதா ஷான்ரென் பெயரை எல்லோரும் சொல்கிறார்களே, ஏன்?

மைத் தாமரையில் அவருக்கு ஈடு யாரும் இல்லை என்பதால். இயற்பெயர் ஜூ தா. 1626இல் நான்சாங்கில், மிங் அரச குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்தவர். 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்தது. புதிய மஞ்சு அரசின் (சிங் பேரரசின்) கீழ் பழைய அரச வம்சத்தவர் என்ற பெயரே ஆபத்து. 1648இல் துறவியானார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் மடத்து வாழ்க்கை. பிறகு மனம் நொறுங்கி, சிரித்தும் அழுதும் திரிந்தார். துறவி உடையைக் கிழித்து எரித்துவிட்டு நான்சாங் திரும்பினார் என்று சமகாலத்தார் எழுதியிருக்கிறார்கள். 1684 முதல் பாதா ஷான்ரென் என்று கையெழுத்திட்டார். அந்த நான்கு எழுத்துகளையும் அவர் இணைத்து எழுதும் முறையில் ‘அழு’ என்றும் ‘சிரி’ என்றும் படிக்க இடமிருக்கிறது.

அவருடைய தாமரைகளில் தண்டுகள் தாளின் அடியிலிருந்து மிக நீளமாக எழுகின்றன. இலைகள் மேலே கனத்துத் தொங்குகின்றன. நாம் தவளையின் இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். கீழே ஒரு பாறை, அதன்மேல் ஒற்றைக் காலில் ஒரு பறவை. கண்ணின் விழி மேல் இமையோடு ஒட்டிக்கொண்டு யாரையோ முறைக்கிறது. நடுவில் பெரிய வெறுமை. தண்ணீருக்கு ஒரு கோடுகூட இருக்காது, ஆனாலும் அது தண்ணீர்தான்.

1697இல் ஒரு நண்பருக்காக அவர் வரைந்த ‘ஆற்றின் மேல் பூக்கள்’ என்ற சுருள் தியான்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 13 மீட்டர். சந்திர ஆண்டின் ஐந்தாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதத்தில் முடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதாவது தாமரையின் ஒரு முழுப் பருவம். சுருளை விரிக்க விரிக்கச் செழித்த தாமரைகள், பிறகு பாறைகள், அருவி, வறண்டுபோகும் இடங்கள், கடைசியில் நீண்ட கவிதை. எழுபதைத் தொட்ட ஒருவர் தன் வாழ்க்கையையே அந்த ஆற்றோடு ஓடவிட்டிருக்கிறார் என்று பலர் வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். துறவியாகவும், துறவைத் துறந்தவராகவும், நாடிழந்த இளவரசராகவும் வாழ்ந்த ஒருவருக்குத் தாமரை என்றால் சேறும் சேர்ந்ததுதான்.

வாடிய தாமரையை ஏன் வரைகிறார்கள்? அமங்கலம் இல்லையா?

சீனப் படிப்பாளிகள் அப்படி நினைக்கவில்லை. தாங் காலக் கவிஞர் லி ஷாங்யின், மழையின் ஓசையைக் கேட்பதற்காக வாடிய தாமரைகள் விடப்பட்டிருக்கின்றன என்று பாடிய பிறகு, வாடிய இலைக்கு ஒரு தனி ரசனையே உருவாகிவிட்டது. புத்த சமயத்தின் நிலையாமையையும் அதில் பார்க்கலாம்.

ஓவியருக்கு வேறொரு காரணமும் உண்டு. இலையுதிர்காலத்தில் தண்டுகள் முறிந்து கோணங்களாக மடிகின்றன. நிழலோடு சேர்ந்து குளமே எழுத்துகள் எழுதிய தாளாகிவிடுகிறது. எழுத்துக்கலை பயின்ற கைக்கு இது விருந்து. செடியும் சாகவில்லை, கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு இருக்கிறது. லியாவோனிங் மாநிலத்தின் பழைய ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டு பழைய தாமரை விதையைக்கூட முளைக்கவைத்திருக்கிறார்கள்.

நாரை, மீன், குழந்தை என்று தாமரையோடு வருபவற்றுக்கு என்ன அர்த்தம்?

இவை பெரும்பாலும் வாழ்த்துகள். சீன மொழியில் ஒலி ஒத்த சொற்களை வைத்துச் செய்யும் விளையாட்டு. தாமரையைக் குறிக்கும் சொல்லுக்கு ‘தொடர்ந்து’ என்ற சொல்லின் ஒலி. மீனுக்கு ‘மிகுதி’யின் ஒலி. தாமரையும் மீனும் ஏந்திய குழந்தை என்றால் ஆண்டுதோறும் வளம் பெருகட்டும் என்று பொருள். புத்தாண்டுப் படங்களில் பார்க்கலாம். நாரையும் தாமரையும் என்றால் தேர்வுகளில் தொடர்ந்து வெற்றி. புத்த சமயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிளம், ஆர்க்கிட், மூங்கில், செவ்வந்தி: இந்த ‘நான்கு சான்றோர்’ வரிசையில் தாமரை ஏன் இல்லை?

அந்த நால்வர் வரிசை மிங் காலப் பிற்பகுதியில் அச்சு நூல்கள் வழியாக நிலைபெற்றது. எழுத்துக்கலைக் கோடுகளைப் பழக அந்த நான்கும் வசதி. தாமரைக்குக் கோட்டோடு, கரைந்து பரவும் மையையும் ஆளத் தெரிய வேண்டும். பருவ மலர்களின் வேறொரு வரிசையில் கோடைக்குரியது தாமரைதான்.

அண்மைக்கால ஓவியர்களில் யாரைப் பார்க்கலாம்?

வூ சாங்ஷுவோ (1844–1927) முரட்டு மையில் கல்வெட்டு எழுத்தின் பலத்தைக் கொண்டுவந்தார். ச்சி பாய்ஷி (1864–1957) கரிய இலைக்கு நடுவே சுடர்விடும் சிவப்புப் பூவை வைத்தார். பாதாவும், அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு மையை வாரி இறைத்து வரைந்த ஷூ வெய்யும் குடியிருந்த வாசலில் நாயாய்ப் பிறக்க வேண்டும் என்று பாடியவர் அவர்.

ஜாங் தாச்சியான் (1899–1983) இளமையில் சில மாதங்கள் துறவியாக இருந்தவர். தாச்சியான் என்பதே அப்போது கிடைத்த பெயர். 1941 முதல் துன்ஹுவாங் குகைகளில் தங்கிச் சுவரோவியங்களைப் படியெடுத்தார். அவருடைய 1945ஆம் ஆண்டுப் பெருந்தாமரைத் திரை ஆளைவிட உயரமானது. கோயில் தாமரையும் படிப்பாளியின் தாமரையும் அவரிடம் ஒன்றாகச் சேர்ந்தன. பிற்காலத்தில் பச்சையும் நீலமுமாக அவர் கொட்டிய வண்ணத் தாமரைகளை உலகம் கொண்டாடுகிறது. என் நெஞ்சில் நிற்பவை முந்தைய மைத் தாமரைகளே.

சீனாவுக்குப் போகாமல் நல்ல படங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் ஃப்ரியர் கலைக்கூடத்தில் பாதாவின் படைப்புகள் நிறைய இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். பெய்ஜிங், தைபெய் அரண்மனை அருங்காட்சியகங்களின் தளங்களும் உதவும். பார்க்கும்போது ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து நுனிவரை கண்ணால் தொடருங்கள். தூரிகை எங்கே வேகம் கொண்டது, எங்கே மை வற்றியது, எந்த இலையின் பின்னால் மறைந்து எங்கே வெளிவந்தது என்று தெரியும். சுருள் ஓவியமாக இருந்தால் வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும்.

நானே பழக விரும்புகிறேன். எதில் தொடங்குவது?

இலையில். விலை குறைந்த பச்சைச் சுவான் தாள், பயிற்சிக்குப் புட்டி மை, ஒரு பெரிய ஆட்டு மயிர்த் தூரிகை, மையின் அடர்த்தியை மாற்ற இரண்டு வெள்ளைத் தட்டுகள் போதும். முதல் சில வாரங்கள் பூவை மறந்துவிடுங்கள். நேர் இலை, பக்கவாட்டு இலை, மடிந்த இலை, இருபுறமும் சுருண்ட குருத்திலை ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பக்கத்தில் தாமரைக் குளம் இருந்தால் காலையில் போய், காற்றில் இலை எப்படிப் புரளுகிறது என்று பாருங்கள். நரம்பு கசியாமலும் தனித்து நிற்காமலும் அமையத் தொடங்கிய பிறகு தண்டுக்குப் போகலாம். அதன் பிறகுதான் பூ.